குடைவலையைச் சுற்றி எட்டுப் பேர்: குழந்தைப் பொருளொன்றை மேம்படுத்தும் சிந்தனைக் கிளறலை நடத்துவது எப்படி?

திருகோணமலையின் திருக்கடலூரில் ஒரு வீட்டின் நடு அறை. நண்பகல் வேளை. மூன்று மாதக் குழந்தை பாயில் தூங்குகிறது. மேலே குடைபோல விரியும் நுளம்பு வலை. வலையின் விளிம்பைச் சுற்றி ஒரு பால்மாப் பேணி, அரிசி அளக்கும் சுண்டு, மடித்த சாரம், பழைய டெலிபோன் விபரக்கொத்து ஆகியவை வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எதற்கு என்று கேட்டேன். "பிள்ளை உதைக்கும்போது விளிம்பு தூக்குகிறது, அக்கா. பாரம் வைக்காவிட்டால் நுளம்பு உள்ளே போய்விடும்" என்றார் அந்தத் தாய்.

எங்கள் தையல் குழு ஒன்றரை ஆண்டாக அதே வகை வலையைத் தைத்து விற்றுவந்தது. அந்தக் குறையை எவரும் எங்களிடம் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. அன்று மாலையே, வலையைப் பயன்படுத்துகிறவர்களை ஓரிடத்தில் கூட்டிப் பேசுவது என்று முடிவெடுத்தோம். இப்படிப் பலர் கூடி ஒரு கேள்விக்குக் கருத்துகளைத் திரட்டுவதைத்தான் சிந்தனைக் கிளறல் (brainstorming) என்கிறார்கள். அதன் பிறகு மூன்று முறை அப்படிக் கூடியிருக்கிறோம். முதல் கூட்டம் வீணானது. மற்ற இரண்டும் வலையையே மாற்றின. அந்த அனுபவத்திலிருந்து, திருகோணமலையிலோ இதுபோன்ற இன்னோர் ஊரிலோ குழந்தைப் பொருள் செய்யும் சிறு குழு எவராலும் பின்பற்றக்கூடிய வழியை இங்கே எழுதுகிறேன். உங்கள் பொருள் துணி நப்பியாகவோ ஏணையாகவோ (துணித் தொட்டில்) இருக்கலாம். முறை ஒன்றுதான்.

இந்த ஊரில் குழந்தை வலை அலங்காரப் பொருள் அல்ல. 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவானபோது, அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே எங்கள் மாவட்டத்தின் கிண்ணியா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்பு பகலில் கடிக்கும். அதிகாலையிலும் பொழுது சாயும் முன்னரும் அதன் கடி மிகுதி. பச்சைக் குழந்தையோ பகலிலும் பாதி நேரம் தூங்கும். ஆகவே பகல் தூக்கத்துக்கான வலை பெரியவர்களின் இரவு வலையைவிட முக்கியமானது என்பதே என் கருத்து.

முதற்படி: கூட்டத்துக்கு முன் வீடுகளுக்குப் போங்கள்

கூட்டத்தில் கேட்டால் மக்கள் நல்லதையே சொல்வார்கள். "வலை நல்லாயிருக்கிறது, கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது" என்பதோடு முடிந்துவிடும். வீட்டில் போய் உட்கார்ந்தால்தான் பால்மாப் பேணி கண்ணில் படும். குறைந்தது ஐந்து வீடுகளுக்குப் போங்கள். உவர்மலையில் சீமெந்துத் தரையும் மின்விசிறியும் உள்ள வீடு ஒன்று, மூதூர்ப் பக்கம் கடற்கரையோரக் குடிசை ஒன்று, தம்பலகாமத்தில் வயல் அருகே உள்ள வீடு ஒன்று என வேறுபடுத்திப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு முறை, மாரியில் ஒரு முறை போக முடிந்தால் இன்னும் நல்லது. வெக்கையில் வலைக்குள் குழந்தை வியர்ப்பதும், மழைக்காலத்தில் வலை துவைத்துக் காயாமல் பூஞ்சணம் பிடிப்பதும் வேறு வேறு சிக்கல்கள்.

போகும்போது கேள்விப் பட்டியல் கொண்டுபோகாதீர்கள். "ஒரு முறை விரித்துக் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். கை எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள். உடைந்த வலை இருந்தால் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் இப்போது பதினொரு உடைந்த வலைகள் இருக்கின்றன. அவற்றில் ஏழு ஒரே இடத்தில், கம்பிகள் சேரும் உச்சியில், முறிந்திருக்கின்றன. இதை எந்தத் தாயும் வாயால் சொல்லவில்லை.

இரண்டாம் படி: கேள்வியைக் கூராக்குங்கள்

எங்கள் முதல் கூட்டம் கெட்டதற்குப் பாதிக் காரணம் கேள்விதான். "நம் வலையை எப்படி மேம்படுத்தலாம்?" என்று பலகையில் எழுதினேன். வந்த பதில்களில் பூ வேலைப்பாடு இருந்தது, விலையைக் குறைப்பது இருந்தது, பை ஒன்று கொடுப்பது இருந்தது. எதையும் எதோடும் சேர்க்க முடியவில்லை.

நல்ல கேள்வியில் ஒரு ஆள், ஒரு நேரம், ஒரு தொல்லை இருக்கும். எங்கள் இரண்டாம் கூட்டத்தின் கேள்வி இது: "பகலில் தாய் அடுக்களையில் நிற்கும்போது குழந்தை உதைத்தாலும் வலையின் விளிம்பு தரையை விட்டு எழும்பாமல் இருக்க என்னவெல்லாம் செய்யலாம்?" இதில் விடை ஒளிந்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "விளிம்பில் என்ன பாரம் வைக்கலாம்?" என்று கேட்டிருந்தால் பாரத்தைத் தவிர வேறெதையும் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு கேள்வி போதும். மிஞ்சினால் இரண்டு.

மூன்றாம் படி: யாரை அழைப்பது

எட்டுப் பேர். பத்தைத் தாண்டினால் இரண்டு பேர் பேச, எட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவர்களில் நால்வராவது இப்போது கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாராக இருக்கட்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய தாய்க்கு அந்த நாட்களின் தொல்லை மறந்து, இனிமை மட்டுமே நினைவிலிருக்கும். ஓர் அம்மம்மாவையோ உம்மம்மாவையோ கட்டாயம் அழையுங்கள். பகலில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் அவர்தான், குனிந்து நிமிர்ந்து வலையைக் கட்டுவதில் இடுப்பு நோவதும் அவருக்குத்தான். ஒரு தகப்பன் வேண்டும். தைப்பவர் ஒருவர் வேண்டும்.

எட்டாவது ஆள், குழந்தையோடு தொடர்பே இல்லாத, ஆனால் பொருளோடு தொடர்புள்ள ஒருவர். நாங்கள் அழைத்தது கடற்கரையில் வலை பொத்தும் ஒரு மீனவரை. நாற்பது ஆண்டாக வலைக் கண்ணையும் கயிற்றையும் பாரத்தையும் கையாளுகிறவர். "குழந்தை வலைக்கும் எனக்கும் என்ன தொடர்பு, தங்கச்சி?" என்று தயங்கினார். அன்றைய கூட்டத்தின் மிகப் பெரிய திருப்பம் அவரிடமிருந்துதான் வந்தது.

தாய் சேய் நலம் பார்க்கும் குடும்ப நல உத்தியோகத்தரை (மருத்துவமாது) அழைப்பது அவசியம், ஆனால் பிற்பாதிக்கு மட்டும். அவர்மேல் தாய்மாருக்கு நல்ல மதிப்பு உண்டு. அந்த மதிப்பே அவர் முன்னால் வாயை அடைத்துவிடும். வலைக்குப் பக்கத்தில் நுளம்புச்சுருள் கொளுத்துகிறேன் என்று எந்தத் தாயும் அவர் முன் ஒப்புக்கொள்ள மாட்டார். எங்களுக்கோ அந்த உண்மைதான் வேண்டும். உங்கள் குழுவின் தலைவியும் வட்டத்தில் உட்காராமல் இருப்பது நல்லது. எங்கள் முதல் கூட்டத்தில் ஊரில் மதிப்புள்ள ஒருவர் முதலில் பேசத் தொடங்கி நாற்பது நிமிடம் பேசினார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். அவர் முடித்தபோது மற்றவர்கள் எல்லாரும் அவர் சொன்னதையே வேறு சொற்களில் சொன்னார்கள்.

நான்காம் படி: நாள், இடம், கூலி

மூத்த பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் நேரம், காலை பத்து முதல் பன்னிரண்டு மணிவரை, மிகவும் ஏற்றது. வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆ உண்டு, கோயிலும் உண்டு. கிளினிக் நாளும் வேண்டாம். நோன்பு மாதத்தையும் கோணேஸ்வரத் திருவிழாக் காலத்தையும் தவிருங்கள். பொதுநோக்கு மண்டபமோ சனசமூக நிலையமோ போதும். கதிரைகளை ஓரங்கட்டிப் பாய் விரியுங்கள். மேடையும் ஒலிவாங்கியும் உள்ள இடத்தில் சொற்பொழிவுதான் நடக்கும்.

குழந்தைகளோடு வருவார்கள், வரட்டும். மண்டபத்தின் மூலையில் ஒரு ஏணை கட்டி, பார்த்துக்கொள்ள இருவரை நிறுத்துங்கள். பால் கொடுக்க மறைவிடம் வேண்டும். இவை இல்லாவிட்டால் தாயின் காது மூலையில்தான் இருக்கும்.

போக்குவரத்துச் செலவையும் அரை நாள் கூலியையும் கொடுங்கள். கூட்டம் தொடங்கும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இங்கே சொல்லப்படும் கருத்தால் வலை விற்பனையானால் வந்தவர்களுக்கு என்ன கிடைக்கும்? நாங்கள் ஆளுக்கு ஒரு புது வலையும் அன்றைய கூலியும் என்று முதலிலேயே சொன்னோம். சொல்லாமல் விட்டால் அந்தக் கேள்வி எல்லார் மனத்திலும் கிடந்து உறுத்தும், கேட்பதற்கு மட்டும் எவருக்கும் வாய் வராது.

ஐந்தாம் படி: கையில் எடுக்கப் பொருள்கள்

பாதியாக வெட்டிய வெள்ளைத்தாள், தடித்த மார்க்கர், ஒட்டுநாடா, கத்தரிக்கோல், வெட்டிய வலைத்துணி, கயிறு, ஊசி நூல், உடைந்த பழைய வலைகள், புதிய வலை இரண்டு. கூடவே ஒரு பொய்க்குழந்தை வேண்டும். 6 கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டித் துவாயால் சுற்றினால் ஏறக்குறைய மூன்று, நான்கு மாதக் குழந்தையின் பாரம் வந்துவிடும். பேச்சு வானத்தில் மிதக்கத் தொடங்கும்போது, "இந்தப் பிள்ளைக்கு வலையைப் போட்டுக் காட்டுங்கள்" என்றால் உடனே தரைக்கு வந்துவிடும்.

ஆறாம் படி: முதலில் குறை, பிறகு மௌனம், பிறகுதான் பேச்சு

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிந்தனைக் கிளறல் என்ற முறையை உலகுக்குப் பரப்பியவர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறையாளர். 1953இல் அவர் எழுதியவை நான்கு விதிகளாகச் சுருங்கும்: எவர் கருத்தையும் அந்த நேரத்தில் குறை சொல்லாதே, விசித்திரமானதையும் சொல், எண்ணிக்கையைக் கூட்டு, பிறர் கருத்தோடு உன்னுடையதைச் சேர்த்து வளர்த்தெடு. இந்த விதிகள் இன்றும் நல்லவை. ஆனால் கூடிப் பேசினால் கருத்துப் பெருகும் என்ற நம்பிக்கையை 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது விடை எதிராக வந்தது. நால்வர் சேர்ந்து பேசியதைவிட, நால்வர் தனித்தனியே யோசித்து எழுதியதைத் திரட்டியபோது ஏறக்குறைய இரு மடங்கு கருத்துகள் கிடைத்தன. 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு ஆய்வாளர்கள் முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பில் தம் எண்ணம் நழுவிவிடுகிறது.

எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. மாமியார் இருக்கும் இடத்தில் மருமகள் முந்திப் பேச மாட்டார். ஆண்கள் இருந்தால் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தாளுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

ஆகவே ஒழுங்கு இப்படி. முதல் கால் மணி நேரம், வலையோடு பட்ட பாட்டை மட்டும் ஒவ்வொருவரும் சொல்லட்டும். தீர்வு சொல்ல வந்தால், "அதைத் தாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று மெல்ல நிறுத்துங்கள். குறை சொல்வது எவருக்கும் எளிது. வாய் திறந்துவிட்டால் பின்னர் தயக்கம் இராது.

அடுத்தது மௌனம். 1960களின் இறுதியில் பேர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் சொன்ன முறையில், ஆறு பேர் ஆளுக்கு மூன்று கருத்தை ஐந்து நிமிடத்தில் எழுதித் தாளைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார்கள். அவர் அதைப் படித்து அதன்மேல் தன் மூன்றை எழுதுவார். ஆறு சுற்றில், அரை மணி நேரத்தில், 108 கருத்துகள். எங்களுக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை. எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு, சுற்றுக்கு ஐந்து நிமிடம், நான்கு சுற்று என்று மாற்றினோம். கணக்குப்படி 64 வர வேண்டும். 51 வந்தது. அது தாராளம்.

எழுதப் பழகாதவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் அருகே ஓர் இளம்பெண்ணை உட்காரவையுங்கள். சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும், திருத்தக்கூடாது. "பாய்க்கும் வலைக்கும் நடுவே ஈக்கில் போற இடம்" என்று ஓர் அம்மம்மா சொன்னதை எங்கள் எழுத்தாளர் "இடைவெளி" என்று சுருக்கிவிட்டார். ஈர்க்குப் பருமனான இடைவெளியைத்தான் அவர் சொன்னார் என்பது பிறகு கேட்டபோதுதான் தெரிந்தது. படமாகக் கீறுகிறவர்கள் கீறட்டும். சிங்களத்தில் எழுதுகிறவர் அப்படியே எழுதட்டும்.

நான்கு சுற்று முடிந்தபின் பேச விடுங்கள். தாள்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள், எழுதியவர் யார் என்று கேட்காதீர்கள். பேச்சு சோர்ந்தால் கிளறிவிட நான்கைந்து கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். கம்பியே இல்லாவிட்டால்? தலைகீழாகக் கவிழ்த்தால்? பாயும் வலையும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தால்? இதே தொல்லையை வேறு தொழில் செய்பவர் எப்படித் தீர்ப்பார்?

கடைசிக் கேள்விக்குத்தான் அந்த மீனவர் எழுந்தார். வீச்சுவலையின் அடியில் ஈயக்குண்டுகள் கோக்கப்பட்டிருக்கும், அதனால்தான் வலை தரையோடு படிந்து மீனை மடக்குகிறது என்றார். உடைந்த வலை ஒன்றை எடுத்து அரிசிக் குழந்தைமேல் போட்டு, விளிம்பைச் சுற்றி விரலால் காட்டினார். மண்டபம் ஒரு கணம் அமைதியானது. பால்மாப் பேணியும் சுண்டும் செய்த வேலை அதுதான் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. குழந்தைக்கு அருகே ஈயமா என்று எனக்கு நெஞ்சு பதறியது. ஆனால் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அடுத்துவந்த ஏழு கருத்துகளும் வந்திரா.

ஏழாம் படி: பரப்பி, சேர்த்து, புளியங்கொட்டை போடுதல்

தேநீருக்குப் பின் எல்லாத் தாள்களையும் பாயில் பரப்புங்கள். ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்க்கும்படி எட்டுப் பேரிடமும் விடுங்கள். குவியலுக்குத் தலைப்பைக் கடைசியில் வையுங்கள். முதலில் தலைப்பை வைத்தால் அதற்குள் பொருந்தாத நல்ல கருத்து வெளியே விழுந்துவிடும். எதோடும் சேராத தாளைத் தனியே வையுங்கள், எறியாதீர்கள்.

பிறகு ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் ஒரு சிரட்டை. எல்லாரும் கண்ணை மூடித் தெரிவை மனத்தில் முடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் எழுந்து போட வேண்டும். ஒருவர் பின் ஒருவராகப் போட்டால் முதலாமவர் போட்ட சிரட்டையே நிறையும்.

எட்டாம் படி: பாதுகாப்பு என்னும் அரிதட்டு

இப்போதுதான் குடும்ப நல உத்தியோகத்தர் வட்டத்துக்குள் வருகிறார். இதுவரை எதையும் மறுக்கக்கூடாது என்றோம். இங்கே தயவே காட்டக்கூடாது. எத்தனை கொட்டை விழுந்திருந்தாலும் குழந்தைக்கு ஆபத்தான கருத்து வெளியே போக வேண்டும்.

ஈயம் முதலில் போயிற்று. குழந்தையின் உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. கருத்து போகவில்லை, பொருள்தான் போயிற்று என்பதைக் கவனியுங்கள். பாரம் வேண்டும், குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதி செய்யாத பாரமாக, தையல் பிரிந்தாலும் சிதறாததாக இருக்க வேண்டும். மணல் கொட்டும், கூழாங்கல் தொண்டையில் சிக்கும். பெருவிரல் பருமனான பருத்திக் கயிற்றை விளிம்பின் உள்ளே வைத்து இரட்டைத் தையல் போடுவது என்று முடிவாயிற்று.

சிறு பாகங்களுக்கு ஒரு சோதனை உண்டு. பல நாடுகளில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொருள்களைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். மட்டையைச் சுருட்டி அந்த அளவில் குழாய் செய்துகொள்ளுங்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பொத்தான், மணி, ஸிப் பிடி எதுவும் கழன்று விழக்கூடிய இடத்தில் இருக்கலாகாது. தொங்கும் நாடா, சுருக்குக் கயிறு எதுவும் வேண்டாம், கழுத்தில் சுற்றும். கம்பி மடிந்தால் வலை குழந்தையின் முகத்தில் விழுமா என்று அரிசிக் குழந்தையை வைத்துப் பாருங்கள். வலைக்குள் தலையணையோ பஞ்சு மெத்தை விளிம்போ சேர்க்கும் கருத்து வந்தால் மறுத்துவிடுங்கள்; குழந்தை மல்லாந்து, சமமான, அழுத்தமான படுக்கையில் தூங்குவதே பாதுகாப்பு. வேப்பெண்ணெய் பூசுவது, மருந்து தெளிப்பது ஆகியவற்றையும் வீட்டளவில் செய்யக்கூடாது. வலைத்துணி நெருப்பில் உருகிப் பற்றும், ஆகவே நுளம்புச்சுருள் அருகே வேண்டாம் என்பதைப் படமாகவே வலையில் தைக்க வேண்டும் என்று ஒரு தாய் சொன்னார். முற்பாதியில் தானே அப்படிக் கொளுத்துவதாகச் சொன்னவர் அவர்.

துளையின் அளவையும் இங்கே பாருங்கள். நுளம்பு வலைக்கு வழக்கமான அளவு சதுர அங்குலத்துக்கு 156 துளைகள். மலிவான துணியில் துளை பெரிதாக இருக்கும். ஒரு அங்குலச் சதுரத்தை மட்டையில் வெட்டி வைத்து எண்ணிவிடலாம், கடைக்காரர் சொல்லை நம்ப வேண்டியதில்லை.

குழந்தை தவழவோ எழும்பவோ தொடங்கினால் குடைவலையைக் கைவிட வேண்டும் என்பதும் அந்த அரை மணி நேரத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. இப்போது ஒவ்வொரு வலையிலும் அந்த வாசகம் தமிழிலும் சிங்களத்திலும் உண்டு.

ஒன்பதாம் படி: ஒரு வாரத்துக்குள் மாதிரி

ஆறப்போட்டால் அணைந்துவிடும். ஏழு நாட்களுக்குள் இரண்டு மாதிரி தைத்து மூன்று வீடுகளுக்கு மாறி மாறிக் கொடுங்கள். தாய் கண்பார்வையில் இருக்கும்போது, பகலில் மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதில் பயனில்லை. ஒரு துண்டுத் தாளில் மூன்றைக் குறிக்கச் சொல்லுங்கள்: விளிம்பு எத்தனை முறை எழும்பியது, விரித்து மடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது, எத்தனை முறை துவைத்தீர்கள். எங்கள் முதல் மாதிரியில் விளிம்பு எழும்பவில்லை. ஆனால் நனைந்த கயிறு ஒன்றரை நாளாகியும் காயவில்லை. கயிற்றை உருவி எடுக்கக் கூடியதாக விளிம்பில் மூடியுள்ள ஒரு வாய் வைத்தோம். மூன்றாம் கூட்டத்தின் கேள்வி அதிலிருந்துதான் பிறந்தது.

வலையின் நிறம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. உள்ளே சிக்கிய நுளம்பு வெள்ளை வலையில் நன்றாகத் தெரியும். குழந்தையின் முகம் கறுப்பு வலையூடாகத்தான் தெளிவாகத் தெரியும். கிண்ணியாத் தாய்மார் இருவர் வெள்ளை என்கிறார்கள், மீனவர் கறுப்பு என்கிறார். இரண்டிலும் ஒவ்வொன்று தைத்திருக்கிறோம்.

பத்தாம் படி: திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

வந்த எட்டுப் பேருக்கும் என்ன எடுக்கப்பட்டது, என்ன விடப்பட்டது, ஏன் என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். வாக்களித்த வலையை அப்போதே கையில் கொடுங்கள். கூட்டத்தில் எடுத்த படங்களில் குழந்தைகள் இருந்தால் தாயின் சம்மதம் இல்லாமல் எங்கும் போடாதீர்கள். எதோடும் சேராமல் தனியே வைத்த தாள்களை ஒரு உறையில் போட்டுத் திகதி எழுதி வையுங்கள். எங்கள் உறையில் ஆறு இருக்கின்றன. புரட்டாதி பிறந்ததும், மாரிக்கு முன்னால், அவற்றை மறுபடியும் பாயில் பரப்பப்போகிறோம்.